ஒரு கோடு கவரேஜும் லயத்துக்கு மேலே வரும் டவரும்

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே சுமார் 250 அடி தள்ளி போன் டவர் ஒன்று வரப்போகிறது. வந்தால் புற்றுநோய் வரும், டவர் வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். தங்கை மாசமாக இருக்கிறார், மாமனாருக்கு பேஸ்மேக்கர், ஒன்பது வயது மகள் போனில் படிக்கிறாள். காம்பிராவுக்குள் (அறைக்குள்) கவரேஜ் ஒரு கோடுதான், பத்து நிமிடம் பேசினால் போன் சுடுகிறது, காதும் சுடுகிறது. கையெழுத்துப் போடலாமா? கேள்வி டவரைப் பற்றியது போலத் தெரிந்தாலும், நீங்கள் அறிய விரும்புவது வீட்டிலுள்ளவர்களின் உடம்பில் சேரும் ரேடியோ அலையில் பெரும் பங்கு எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதைத்தான். ரேடியோ அலைகளைக் கணக்கிட்டும் அளந்தும் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். பதிலின் முதல் பாதி கையெழுத்து வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காது. மலையில் டவர் எவ்வளவு தூரமோ, உங்கள் காதோரம் அவ்வளவு அலை கூடும்.

முதலில் சந்தேகமில்லாத விஷயம். போன் அலையும் எக்ஸ்ரேயும் ஒரே குடும்பம் என்று பயமுறுத்துவார்கள். குடும்பம் ஒன்றுதான், பலம் வேறு. ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க ஏறத்தாழ 10 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். போன் அலையின் ஒரு துணுக்கில் இருப்பது அதில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆகவே எக்ஸ்ரேயைப் போல மரபணுவை நேராக உடைக்க இதனால் முடியாது. இது செய்வதாக உறுதியாகத் தெரிந்த ஒரே வேலை, உடம்புத் தசையைச் சற்றுச் சூடாக்குவது. உலகெங்கும் வரம்புகள் அந்தச் சூட்டை வைத்தே போடப்பட்டிருக்கின்றன. அயனாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1998இல் வெளியிட்டு 2020இல் புதுப்பித்த வரம்புப்படி, தலையிலும் உடலிலும் எந்த 10 கிராம் தசையிலும் ஒரு கிலோவுக்கு 2 வாட்டுக்கு மேல் சேரக்கூடாது. முழு உடம்புக்கும் சராசரியாக ஒரு கிலோவுக்கு 0.08 வாட். முழு உடம்பிலும் கிலோவுக்கு 4 வாட் சேர்ந்தால் உடம்பின் உட்சூடு ஒரு டிகிரி அளவு ஏறலாம். அந்த அளவை 50ஆல் வகுத்துப் பொதுமக்களுக்கான வரம்பை வைத்தார்கள்.

காது சுடுவதைப் பார்த்து மூளை வேகிறது என்று எண்ண வேண்டாம். நீங்கள் உணரும் சூட்டில் பெரும்பகுதி பேட்டரியிலிருந்தும் உள்ளே வேலை செய்யும் சில்லுகளிலிருந்தும் வருவது, கூடவே காதை மூடிப் பிடித்திருப்பதால் வெளியேற முடியாத உடம்புச் சூடும். அலையே மூளையில் ஏற்றும் சூடு, வரம்பளவு சக்தியில்கூட, ஒரு டிகிரியில் சிறு பின்னம்தான். ஆனால் அந்தச் சூட்டில் ஒரு செய்தி உண்டு. சும்மா பேசும்போதே போன் சுட்டால், அது டவரை எட்டுவதற்குத் தன் முழுப் பலத்தையும் போட்டுக் கத்துகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டவர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டவரில் நீளவாக்கில் தொங்கும் ஒரு வெள்ளைப் பலகை அண்டெனா, பொதுவாக ஓர் அலைவரிசைக்கு 40 வாட் அளவில் வாங்கி அதை ஒரே திசையில் குவித்து அனுப்பும். குவிப்பதால் அந்தத் திசையில் மட்டும் 50 மடங்கு, அதாவது 2,000 வாட் போலத் தெரியும். மூன்று அலைவரிசை என்றால் 6,000. பெரிய எண்தான். ஆனால் அலை பரவப் பரவ மெலிகிறது, தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகிறது. 250 அடியில், அதாவது 76 மீட்டரில், அலையின் நேர் பாதையிலேயே நின்றாலும் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.08 வாட்தான் வரும். 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் பொதுமக்களுக்கான வரம்பு அதே சதுர மீட்டருக்கு 4.5 வாட். ஆக ஐம்பதில் ஒரு பங்கு. அதே டவரில் இன்னொரு கம்பனியும் ஏறினால் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். இது அண்டெனா முழுச் சுமையில் ஓடும்போது, சுவரோ மரமோ குறுக்கே இல்லாதபோது வரும் கணக்கு. நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்த எண்கள் வரம்பைத் தொட வேண்டுமானால் அண்டெனாவுக்கு நேர் முன்னால் ஏறத்தாழ 10 மீட்டரில் அந்தரத்தில் நிற்க வேண்டும். அங்கே ஏறுகிறவர் பழுதுபார்க்கும் ஆள் மட்டும்தான், அவரும் மின்சாரத்தை நிறுத்தி விட்டே ஏற வேண்டும்.

சமவெளிக்காரர்களுக்குத் தேவைப்படாத ஒரு நுணுக்கம் மலையில் உண்டு. அண்டெனாவின் அலை டோர்ச் வெளிச்சம் மாதிரி, மேலும் கீழுமாக 6, 7 டிகிரி தடிப்புள்ள ஒரு தட்டு. அதைச் சில டிகிரி கீழே சாய்த்து வைப்பார்கள். டவருக்கு நேர் கீழேயும் அடிவாரத்திலும் இருக்கிற லயம் அந்தத் தட்டுக்குள் வராது, ஓரத்தில் கசிவது மட்டும்தான் வரும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர் மலையில் டவர் தலையின் மட்டத்திலேயே இருக்கும் லயத்தின் மேல் தட்டு நேராக விழும். அதனால் பயப்பட வேண்டியவர் யார் என்று யாராவது கேட்டால், கீழே இருக்கும் உங்களைவிட எதிர்ச் சரிவில் இருப்பவர்களுக்கு அலை கூட. ஆனால் அவர்கள் 200 மீட்டராவது தள்ளி இருப்பார்கள். மேலே சொன்ன கணக்கின்படி அது வரம்பில் முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே.

இப்போது காதோரத்துக்கு வருவோம். போனுக்கு ஒரு குணம்: டவர் கிட்ட இருந்தால் கிசுகிசுக்கும், தூரத்தில் இருந்தால் கத்தும். டவர்தான் "சத்தத்தைக் குறை, கூட்டு" என்று போனுக்கு ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். 4ஜியில் போன் அனுப்பக்கூடிய உச்சம் 0.2 வாட். நல்ல கவரேஜில் அதே போன் ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே இறங்கிப் பேசும். 2ஜியில் 900 மெகாஹேர்ட்ஸ் அழைப்பு என்றால் உச்சம் 2 வாட், எட்டு நேரத் துண்டுகளில் ஒன்றில் மட்டும் அனுப்புவதால் சராசரி 0.25 வாட். எண்கள் சிறியவை, ஆனால் இவை காதிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் நடக்கின்றன. உச்சத்தில் பேசும் போன் தலையின் அந்தப் பக்கத்துத் தசையில் சேர்க்கும் அலை, 250 அடித் தூரத்து டவர் அதே தசையில் சேர்ப்பதைவிட நூறு மடங்குக்கு மேல். டவர் கிட்ட வந்தால் அந்த உச்சம் தானாகவே விழும். டவர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு விட்டு ஒரு கோடு கவரேஜில் தினமும் ஒரு மணி நேரம் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருப்பது, கூட அலையைத் தேர்ந்தெடுப்பதாகும்.

கோட்டை நம்பாதீர்கள், கம்பனிக்குக் கம்பனி அதைத் தாராளமாகப் போட்டுக் காட்டுவார்கள். போனின் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கம், அதில் சிம் நிலை என்ற இடத்துக்குப் போனால் சிக்னல் பலம் மைனஸ் குறியோடு டிபிஎம் என்ற அளவில் இருக்கும். 4ஜிக்கு மைனஸ் 80 அருமை, மைனஸ் 95 போதும், மைனஸ் 110 சிரமம், மைனஸ் 120ஐ நெருங்கினால் அறுபடும். இதில் ஒவ்வொரு 10க்கும் பத்து மடங்கு வித்தியாசம். உதாரணத்துக்கு, உள் காம்பிராவில் மைனஸ் 118, இஸ்தோப்பில் (வராந்தாவில்) மைனஸ் 108, கோயில் மேட்டில் மைனஸ் 92 என்று வந்தால், மேட்டில் கிடைப்பது உள்ளே கிடைப்பதைவிடச் சுமார் 400 மடங்கு. உள்ளே போன் உச்சியில் நின்று கத்துகிறது, மேட்டில் அதில் சிறு பங்கு போதும். பழைய லயங்களின் தடித்த கல் சுவரும் தகரக் கூரையும் இதற்குப் பெரிய காரணம். தகரம் அலையை உள்ளே விடாது, போனின் அலையையும் வெளியே விடாது. அதனால் ஒரு நாள் பொழுதுபோக்காக வீட்டைச் சுற்றி இந்த எண்ணை எழுதிப் பாருங்கள். எந்த ஜன்னலோரம், இஸ்தோப்பின் எந்த மூலை நல்லது என்று தெரிந்துவிட்டால் நீண்ட பேச்சையெல்லாம் அங்கே வைத்துக்கொள்ளலாம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மீதி வேலை தூரத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டு ஒரு முழம் தள்ளி வைத்தால் தலையில் சேர்வது சில சதவீதமாகக் குறையும். வயர் ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் அப்படியே, ஆனால் போனை மடியிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டால் அலை தலையை விட்டு அங்கே போகிறது, அவ்வளவுதான். புளூடூத் இயர்போன் சில மில்லிவாட்டுகளில் வேலை செய்வது, உச்சத்தில் கத்தும் போனுக்கு அது எவ்வளவோ தேவலை. அழைப்பு எடுத்தவுடன், குறிப்பாக 2ஜியில், போன் முழுப் பலத்தில் தொடங்கிப் பிறகுதான் இறங்கும். எதிர்முனை பேசத் தொடங்கிய பிறகு காதில் வையுங்கள். ஹட்டன் பஸ்ஸிலோ சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டும் ரயிலிலோ நீண்ட கதை வேண்டாம், டவர் விட்டு டவர் மாறும் ஒவ்வொரு தடவையும் சத்தம் உயரும். செட்டிங்ஸில் 4ஜி குரல் அழைப்பு வசதி இருந்தால் திறந்து விடுங்கள். பேசும்போது மேலே 4ஜி குறி அழிந்து 2ஜி வந்தால் அந்த அழைப்பு பழைய முறையில் போகிறது என்று பொருள். போனின் அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பதும் உலோக உறை போடுவதும் அண்டெனாவை அடைத்து அதைக் கூடக் கத்த வைக்கும். ஒரு செய்தியோடு முடியும் விஷயத்துக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவிடலாம். அதை வாயருகே பிடித்தாலே போதும், காது தேவையில்லை.

கடைகளில் விற்கும் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர், சில்லு எதையும் வாங்காதீர்கள். வேலை செய்யாவிட்டால் காசு போனது. அலையைக் கொஞ்சம் மறைத்தாலோ போன் அதற்கு ஈடாகப் பலத்தைக் கூட்டும். 5ஜியிலிருந்து காப்பதாக விற்ற சில கழுத்து மாலைகளும் கைவளையங்களும் தாமே உண்மையான அணுக்கதிரை வீசுகின்றன என்று 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரசபை எச்சரித்தது. திருடனுக்குப் பயந்து கொள்ளைக்காரனை வீட்டில் வைத்த கதை.

இனிச் சந்தேகமுள்ள பகுதி. புற்றுநோய் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 2011 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ரேடியோ அலைகளை 2பி என்ற வகுப்பில் வைத்தது. "புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்பது அதன் பெயர். அந்த வகுப்பு ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை, சான்றின் பலத்தை மட்டும் சொல்வது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் 2016இல் அதற்கு ஒரு படி மேலே, 2ஏ வகுப்பில் வைக்கப்பட்டது. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிக்கும் நம் பக்கத்துக்கு அது போனைவிடக் கிட்டத்து விஷயம். 13 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் மொத்தமாக மூளைக்கட்டி கூடவில்லை. மிக அதிகம் பேசியவர்களில், பத்து வருடம் தினமும் அரை மணி நேரத்துக்குச் சமமான 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களில் மட்டும், ஒரு வகைக் கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் நோய் வந்தவர் தன் பழைய பேச்சைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் அதில் கலந்திருந்ததை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2018இல் முடிந்த எலி ஆய்வில், தினமும் 9 மணி நேரம் இரண்டு வருடம் முழு உடம்பிலும் அலை வாங்கிய ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் தெரிந்தன. அதே ஆய்வில் அலை வாங்கிய ஆண் எலிகள் வாங்காதவற்றைவிடக் கூட நாள் வாழ்ந்தன என்பதை யாரும் பகிர்வதில்லை. உலக சுகாதார அமைப்பு கேட்டு 2024இல் வெளியான, 63 ஆய்வுகளை அலசிய மதிப்பீடு, போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. என் கணிப்பு: பெரிய ஆபத்து இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் தெரிந்திருக்கும். மிகச் சிறிய ஆபத்து, முப்பது நாற்பது வருடம் நிறையப் பேசுகிறவருக்கு, இல்லவே இல்லை என்று நிரூபிக்க முடியாது. அதனால்தான் செலவில்லாத தூரத்தையும் நல்ல மூலையையும் சொல்கிறேன்.

பிள்ளை விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் நியாயம். மண்டையோடு மெல்லியது, ஆகவே அதே போனிலிருந்து சின்னவர்களின் மூளைப் பகுதியில் சேரும் அலை பெரியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வரலாம். நோய் தெரிந்ததா என்றால், 14 நாடுகளில் 10 முதல் 24 வயதுக்காரரிடம் நடந்த ஆய்வில் தெரியவில்லை. படிப்புக்குப் போனை மேசையில் நிமிர்த்தி வைத்து, ஹேண்ட்ஸ்ஃப்ரீயோடு பார்க்கச் சொல்லுங்கள். பாடங்களை மேட்டில் இருக்கும்போது இறக்கி வைத்துவிட்டு வீட்டில் விமான நிலையில் போட்டுப் பார்த்தால் அலையே இல்லை, டேட்டாவும் மிச்சம். உண்மையில் அந்த வயதுக்கு அலையைவிட இரவு பத்து மணிக்குக் கண்முன் இருக்கும் திரை கெடுதல். தங்கைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பேசும்போதும் வீடியோ பார்க்கும்போதும் போனை வயிற்றின் மேல் வைக்க வேண்டாம். கருவுக்குக் கெடுதல் என்று உறுதியான சான்று இல்லை, தள்ளி வைப்பதில் நட்டமும் இல்லை. மாமனாருக்கு மட்டும் கண்டிப்பான விதி உண்டு. பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே போன் இருக்க வேண்டும். சட்டைப் பையில் கூடாது, எதிர்ப்பக்கக் காதில் பேச வேண்டும். பின்னால் காந்தம் உள்ள புதுவகைப் போனும் காந்த உறையும் அந்தக் கருவியின் வேலையை மாற்றக்கூடும். டவரால் அவருக்குப் பிரச்சினை வராது.

போன் வாங்கும்போது எஸ்.ஏ.ஆர் என்ற எண்ணை, அதாவது உடம்பில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் சேரும் என்ற அளவை, பார்ப்பார்கள். பல போன்களில் *#07# அடித்தால் அது வரும். ஒரு கிலோவுக்கு 2 வாட்டுக்குக் கீழே இருந்தால் போதும், 0.9 போனுக்கும் 1.2 போனுக்கும் இடையில் மனதைக் குழப்பாதீர்கள். அது உச்சப் பலத்தில் அளந்தது, ஒரு கோட்டில் பேசும் 0.9 போன் நாலு கோட்டில் பேசும் 1.2 போனைவிடக் கூட அலை தரும். உடம்போடு ஒட்டிய அளவை, போனைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்து எடுக்கிறார்கள், ஆகவே தோலை ஒட்டிய உட்பையில் வைத்துக்கொண்டு திரிவது அந்தச் சோதனைக்குள் அடங்காது. 2023 செப்டம்பரில் பிரான்ஸ் ஐபோன் 12 விற்பனையை நிறுத்தியது. கை கால் வரம்பு கிலோவுக்கு 4 வாட் என்றிருக்க 5.74 வந்ததே காரணம். மென்பொருளைத் திருத்திய பிறகு விட்டார்கள். பெயரில்லாத மலிவுப் போன்களில் இப்படிச் சோதிப்பார் யாருமில்லை. வாங்குமுன் *#06# அடித்து வரும் 15 இலக்க எண்ணை, முன்னால் ஐ.எம்.இ.ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் போட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். கவரேஜைக் கூட்டும் ரிப்பீட்டர் என்று விற்பதை அனுமதியில்லாமல் மாட்டாதீர்கள். சட்டப்படி தவறு, பக்கத்து லயங்களின் கவரேஜையும் அது கெடுக்கும்.

தலையணைக்கு அடியில் போன் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பேசாத போன் எப்போதாவது ஒரு கணம் டவருக்கு "இருக்கிறேன்" என்று சொல்வதோடு சரி, அலை அற்பம். ஆனால் சார்ஜ் போட்டபடி தலையணைக்கு அடியில் வைப்பது நிஜமான ஆபத்து. சூடு வெளியேறாமல் லித்தியம் பேட்டரி ஊதி வெடித்தால் அது கட்டிலில் நடக்கும், பலகைத் தடுப்பும் பழைய வயரிங்கும் உள்ள வீட்டில் தீ பக்கத்து வாசலுக்குப் போக நேரமாகாது. முதுகு ஊதிய போனை உடனே மாற்றுங்கள். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை தொடங்கியதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். போன் மின்னலை இழுக்காது, மின்கம்பி வழியாக வருவது சார்ஜரில் இருக்கும் போனுக்கும் அதைப் பிடித்திருப்பவருக்கும் போகும்.

டவர் வந்த இடங்களில் தலைவலி, தூக்கமின்மை என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. வலி நிஜம். ஆனால் அலை இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் சோதித்த ஆய்வுகளில் அவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அலை இல்லாதபோதும் அதே வலி வந்தது. பயமும் ஜெனரேட்டர் இரைச்சலும் அந்த வலிக்குப் போதும்.

ஆகவே கையெழுத்து: புற்றுநோய் என்று எழுதிய காகிதத்தில் போட வேண்டாம், அதை அவர்கள் ஒரே அளவீட்டில் தள்ளிவிடுவார்கள். கூட்டத்துக்குப் போய் வேறு கேள்விகளைக் கேளுங்கள். அந்தச் சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி இருக்கிறதா? லயத்துக்கு மேலே வெட்டும் மண்ணை எங்கே கொட்டுவார்கள், மழைநீர்க் கான் எந்தப் பக்கம் இறங்கும்? பாறை நிலத்தில் இடிதாங்கியின் தரைத்தடை, அதாவது மின்னல் மண்ணில் இறங்கும்போது உள்ள மின்தடை, 10 ஓமுக்குக் கீழே வந்ததற்கு அறிக்கை உண்டா, அந்தத் தரைக்கம்பி உங்கள் தண்ணீர்க் குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி? ஜெனரேட்டர் இரவில் ஓடினால் சத்தம் எவ்வளவு, டீசல் சிந்தினால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகுமா? பிள்ளைகள் ஏறாமல் வேலியும் பூட்டும் உண்டா? டவர் இயங்கத் தொடங்கிய பிறகு உங்கள் இஸ்தோப்பிலும் எதிர் மலை லயத்திலும் அலையை அளந்து, எண்ணைத் தமிழில் எழுதித் தரும்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவுக்கும் பிரதேச சபைக்கும் இப்போதே ஒரு கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதத்துக்கு எல்லோரும் கையெழுத்துப் போடலாம்.